பாக்கி எவ்வளவு?

2018 நவம்பரில் ஃபுளோரிடாவில் வாக்களித்தவர்கள் அந்த வாக்குச்சீட்டின் நீளத்தை மறந்திருக்க மாட்டார்கள். ஆளுநர், செனட்டர், மாநில அமைச்சரவை, இன்னின்ன நீதிபதிகள் பதவியில் தொடரலாமா கூடாதா, மண்வள நீர்வள வாரியத்துக்கு யார் என்று வரிசை போய்க்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகுதான் மாநில அரசியல் சாசனத்துக்கான 12 திருத்தங்கள். எண்கள் 1 முதல் 13 வரை ஓடின. 8 மட்டும் இல்லை, அதை நீதிமன்றம் நீக்கிவிட்டது. ஒன்பதாவது திருத்தம் கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டுவதையும் அலுவலகத்துக்குள் மின்சிகரெட் புகைப்பதையும் சேர்த்து ஒரே கேள்வியாகக் கேட்டது. ஒன்றைத் தடை செய்யுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள் என்று சொல்ல வழியில்லை. பதின்மூன்றாவது நாய்ப் பந்தயத்தைப் பற்றியது. குடியுரிமை வாங்கிய பிறகு நான் வாக்களித்த முதல் பெரிய தேர்தல் அது. ஒரு நாட்டின் குடிமகன் ஆனவுடனேயே அதன் சாசனத்தைத் திருத்தும் வேலையும் கையில் வந்துவிட்டதே என்ற மிதப்போடு, வீட்டில் ஒவ்வொரு திருத்தத்தையும் படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டுதான் போனேன்.

அவற்றில் நான்காவதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். ஃபெலனி எனப்படும் கடுங்குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவருக்கு, சிறையிலிருந்து வந்த பிறகும், ஆயுள் முழுவதும் வாக்கில்லை என்பது 1868 சாசனக் காலத்திலிருந்தே ஃபுளோரிடாவின் நடைமுறை. ஆளுநரும் மூன்று அமைச்சர்களும் உட்காரும் கருணை வாரியம் மனம் வைத்தால்தான் திரும்பக் கிடைக்கும். அந்த வாரியம் எப்படி மனம் வைத்தது என்பதற்கு 2018 பிப்ரவரியில் வந்த ஒரு கூட்டாட்சி நீதிமன்றத் தீர்ப்பில் ஒரு காட்சி பதிவாகியிருக்கிறது. உரிமை இல்லாமலே முன்பு வாக்களித்துவிட்ட ஒருவர் 2013-ல் வாரியத்தின் முன் வருகிறார். நான் உங்களுக்குத்தான் போட்டேன் என்று ஆளுநரிடமே சொல்கிறார். ஆளுநர் சிரிக்கிறார். வாக்குரிமை கிடைத்துவிடுகிறது. வேறு சிலருக்கு அதே குற்றம், உரிமையை மறுக்கப் போதுமான காரணமாக இருந்தது. மாநிலத்தின் வயதுவந்த கறுப்பினத்தவரில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் வாக்கில்லாமல் இருந்த காலம் அது.

நான்காம் திருத்தம் இதை ஒரே வரியில் மாற்றியது: பரோல், நன்னடத்தைக் கண்காணிப்பு உட்படத் தண்டனையின் எல்லா நிபந்தனைகளையும் நிறைவேற்றியவருக்கு வாக்குரிமை தானாகத் திரும்பிவிடும். கொலையும் பாலியல் கடுங்குற்றங்களும் மட்டும் விலக்கு. 64.55 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். 51 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள். அதே நாளில் ஆளுநராக வென்ற டிசாண்டிஸ் வாங்கியது சுமார் 40 லட்சத்து 76 ஆயிரம். அவருடைய வெற்றி வித்தியாசம் 33 ஆயிரத்துக்கும் கீழே. அதாவது டிசாண்டிஸுக்கு வாக்களித்தவர்களிலும் ஏராளமானோர் நான்காம் திருத்தத்துக்கு ஆம் என்றிருக்கிறார்கள். இங்கே சாசனத் திருத்தம் நிறைவேற 60 சதவீதம் வேண்டும். (அந்த 60 சதவீத விதியே 2006-ல் 57.8 சதவீத வாக்கில் நிறைவேறியது. தான் கேட்கும் மதிப்பெண்ணைத் தானே வாங்காத விதி. ஃபுளோரிடாவில் இதற்கெல்லாம் யாரும் ஆச்சரியப்படுவதில்லை.) 14 லட்சம் பேர் வரை வாக்குரிமை பெறுவார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. 2019 ஜனவரி 8 முதல் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. திருத்தத்துக்கான இயக்கத்தை முன்னின்று நடத்திய டெஸ்மண்ட் மீட், தானும் வாக்குரிமை இழந்தவர், அன்றே பதிவு செய்துகொண்டார்.

அந்த ஆண்டு மே மாதமே சட்டமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. எல்லா நிபந்தனைகளும் என்றால் பணமும்தான்: அபராதம், பாதிக்கப்பட்டவருக்கான இழப்பீடு, நீதிமன்றக் கட்டணங்கள், செலவுத் தொகைகள். தண்டனையில் எழுதிய கடைசி டாலர் கட்டப்படும்வரை வாக்கில்லை. அரசியல் அறிவியல் பேராசிரியர் ஒருவர் நீதிமன்றத்தில் கொடுத்த கணக்குப்படி, மற்ற எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் பணத்தில் மட்டும் நிற்பவர்கள் சுமார் 7 லட்சத்து 74 ஆயிரம் பேர்.

இதில் என்ன தவறு என்று என்னிடம் கேட்டவர் எங்கள் வட்டத்தில் எல்லோரும் அண்ணன் என்று அழைக்கும் ஒரு மூத்தவர். தணிக்கையாளர், கறாரான மனிதர், வாக்கு விஷயத்தில் எனக்கு நேர் எதிர்க் கட்சி. “தம்பி, தண்டனையில் பாதி சிறை, பாதி பணம் என்று நீதிபதி எழுதியிருக்கிறார். சிறையை மட்டும் முடித்துவிட்டுத் தண்டனை முடிந்தது என்றால் அது என்ன கணக்கு?” என்றார். அதோடு விடவில்லை. 2017-ல் இந்தத் திருத்தம் வாக்குச்சீட்டில் இடம்பெறத் தகுதியானதா என்று ஃபுளோரிடா உச்ச நீதிமன்றம் விசாரித்தபோது, அபராதத்தை முழுவதும் கட்டுவதும் இதில் அடக்கமா என்று ஒரு நீதிபதி நேரடியாகவே கேட்டார். ஆம், தண்டனையில் உள்ள எல்லாம் அடக்கம் என்று திருத்தத்தை முன்வைத்தவர்களின் வழக்கறிஞரே பதில் சொன்னார். அண்ணன் சொல்லித்தான் தேடிப் பார்த்தேன். பதிவில் இருக்கிறது. 2020 ஜனவரியில் ஃபுளோரிடா உச்ச நீதிமன்றமும் அதே பொருளைத்தான் எடுத்துக்கொண்டது. வாக்குச்சீட்டுக்குள் நுழைவதற்காகச் சொன்ன பதில் வாக்குச்சீட்டிலிருந்து வெளியேற்றப் பயன்படும் என்று அந்த வழக்கறிஞர் எதிர்பார்த்திருக்க மாட்டார்தான். ஆனால் அண்ணனின் வாதம் வலுவானது என்பதை மறைத்துக்கொண்டு இந்தக் கட்டுரையை எழுதுவது நேர்மையில்லை. அந்த வாதத்தோடு நான் நெடுநாள் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

வாசல் இல்லாத வீடு

முதலில் நான் போய்த் தேடியது அமெரிக்கச் சாசனத்தில். ஒவ்வொரு குடிமகனுக்கும் வாக்குரிமை உண்டு என்று எங்காவது நேராகச் சொல்லியிருந்தால் அண்ணனின் வாயை அடைத்துவிடலாம். அப்படி ஒரு வரி அதில் கிடையாது. யார் வாக்களிக்கலாம் என்பதை மாநிலங்களிடம் விட்டுவிட்டு, பிறகு தேவைப்படும்போதெல்லாம் ஒவ்வொரு காரணமாகத் தடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். இனம், நிறம் காரணமாக மறுக்கக் கூடாது என்று 1870-ல் பதினைந்தாம் திருத்தம். பாலினம் காரணமாக மறுக்கக் கூடாது என்று 1920-ல் பத்தொன்பதாம் திருத்தம். வரி கட்டவில்லை என்று மறுக்கக் கூடாது என்று 1964-ல் இருபத்துநான்காம் திருத்தம். 18 வயது ஆனவருக்கு வயதைக் காட்டி மறுக்கக் கூடாது என்று 1971-ல் இருபத்தாறாம் திருத்தம். இந்தப் பட்டியலில் இல்லாத காரணத்தைக் கண்டுபிடிக்கிறவருக்கு இடம் எப்போதும் காலியாக இருக்கிறது.

இந்தியச் சாசனத்தின் 326-வது பிரிவோடு வளர்ந்தவனுக்கு இது விநோதமாகத்தான் படும். வயதுவந்தோர் எல்லோரும் வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளும் உரிமை உள்ளவர்கள் என்று அது நேரடியாகத் தொடங்குகிறது. விலக்குகள் பிறகு வருகின்றன. அதற்காக நம்மூரைத் தூக்கிப்பிடிக்கவும் முடியாது. இந்தியாவில் சிறையில் இருப்பவருக்கு, குற்றம் நிரூபிக்கப்படாத விசாரணைக் கைதியாக இருந்தாலும், வாக்கு கிடையாது. அமெரிக்காவிலோ மெய்ன், வெர்மாண்ட் மாநிலங்களில் சிறைக்குள்ளிருந்தே வாக்களிக்கலாம். ஆனால் நம்மூரில் சிறையை விட்டு வெளியே வந்தவர் அடுத்த தேர்தலில் வாக்குச்சாவடிக்குப் போனால், நீதிமன்றக் கட்டணத்தில் பாக்கி இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

சரி, குற்றத்தைக் காரணம் காட்டி மறுப்பதை எந்தத் திருத்தம் தடுக்கிறது? எல்லோருக்கும் சமமான சட்டப் பாதுகாப்பு என்று முழங்கும் பதினான்காம் திருத்தம் தடுக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 1974-ல் ரிச்சர்ட்சன் எதிர் ராமிரெஸ் வழக்கில் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த முன்னாள் கைதிகள் உச்ச நீதிமன்றத்தில் அதைத்தான் கேட்டார்கள். நீதிபதி ரெங்க்விஸ்ட் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு அதே திருத்தத்தின் இரண்டாம் பகுதியைத் திறந்து காட்டியது. உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு எழுதப்பட்ட பகுதி அது. கறுப்பின ஆண்களுக்கு வாக்கை மறுக்கும் தென் மாநிலங்களுக்குக் காங்கிரஸில் இடங்களைக் குறைப்போம் என்ற மிரட்டல்தான் அதன் நோக்கம். அதில் போகிற போக்கில் ஒரு விலக்கு: கலகத்திலோ வேறு குற்றத்திலோ ஈடுபட்டதற்காக வாக்கை மறுத்தால் இடக் குறைப்பு இல்லை. அப்படியானால் சாசனமே அதை அனுமதிக்கிறது என்றது நீதிமன்றம். தென் மாநிலங்களின் இடங்களைக் குறைக்கும் அந்தத் தண்டனை அன்று முதல் இன்று வரை ஒருமுறைகூட நிறைவேற்றப்படவில்லை. பயன்பட்டது விலக்கு மட்டும்தான். விடுதலை பெற்ற அடிமைகளின் வாக்கைக் காக்க எழுதிய பகுதி, அவர்களுடைய கொள்ளுப்பேரர்களின் வாக்கைப் பறிக்க ஆதாரமாக நிற்கிறது. சட்டம் படித்தவர்களுக்கு இது பழைய செய்தி. எனக்குப் பல இரவுகள் தூக்கம் வரவில்லை.

ஹாலந்து என்ற ஃபுளோரிடாக்காரர்

அப்படியென்றால் மிச்சம் இருப்பது இருபத்துநான்காம் திருத்தம்தான். வாக்களிக்க வேண்டுமானால் வரி கட்டு என்ற வழக்கத்துக்கு முடிவு கட்டியது அது. அதைச் செனட்டில் முன்மொழிந்து, 1949 முதல் விடாமல் தூக்கிச் சுமந்தவர் யார் என்று பார்த்தால், ஸ்பெஸ்ஸர்ட் ஹாலந்து. ஃபுளோரிடாவின் செனட்டர். முன்பு மாநிலச் சட்டமன்றத்தில் இருந்தபோது, 1937-ல், ஃபுளோரிடாவின் சொந்த வாக்களிப்பு வரியை ஒழிக்கப் பாடுபட்டவர். இப்படிச் சொன்னதும் மனதில் ஒரு நல்ல மனிதரின் உருவம் எழும். அந்த உருவத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பள்ளிகளில் இனப் பிரிவினையைக் காப்பாற்றத் தென் மாநில உறுப்பினர்கள் 1956-ல் விடுத்த அறிக்கையில் அவர் கையெழுத்து இருக்கிறது. இனப் பாகுபாட்டைத் தடுத்த 1964 குடிமை உரிமைகள் சட்டத்தை எதிர்த்தார். 1965 வாக்குரிமைச் சட்டத்தையும் எதிர்த்தே வாக்களித்தார்.

பிறகு ஏன் இந்த வரியின் மேல் மட்டும் அவ்வளவு வெறுப்பு? வரி, ஏழை வெள்ளையர்களையும் சேர்த்தே வெளியே தள்ளியது என்பது ஒரு காரணம். மாநிலங்களின் அதிகாரத்தில் கைவைக்கும் சட்டமாக இல்லாமல், மாநிலங்களே ஒப்புக்கொள்ளும் சாசனத் திருத்தமாக அது இருக்க வேண்டும் என்பதில் அவர் கறாராக இருந்தார். அதனால் கூட்டாட்சித் தேர்தல்களுக்கு மட்டுமே பொருந்தும்படி எழுதினார்: அதிபர், துணை அதிபர், செனட், கீழவை. 1964 ஜனவரி 23-ல் திருத்தம் நிறைவேறியபோது ஐந்து மாநிலங்களில்தான் அந்த வரி மிச்சமிருந்தது. அந்த ஐந்தில் ஒன்றான வர்ஜீனியா செய்ததைப் பாருங்கள். வரி கட்ட விருப்பமில்லையா, சரி, தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பே வசிப்பிடச் சான்றிதழ் தாக்கல் செய் என்றது. 1965-ல் உச்ச நீதிமன்றம் அதை அடித்தது. மாநிலத் தேர்தலுக்கு வரி தொடரட்டும் என்றது வர்ஜீனியா. தொகை ஆண்டுக்கு ஒன்றரை டாலர். 1966-ல் ஹார்ப்பர் வழக்கில் அதுவும் போயிற்று. பணம் இருக்கிறதா இல்லையா என்பதற்கும் வாக்களிக்கும் தகுதிக்கும் தொடர்பே இல்லை என்றார் நீதிபதி டக்ளஸ்.

இருபத்துநான்காம் திருத்தத்தில் ஹாலந்து வாக்களிப்பு வரி என்பதோடு நிறுத்தவில்லை. வேறு எந்த வரியும் என்று சேர்த்திருந்தார். 2020 மே 24-ல் ஃபுளோரிடாவின் கூட்டாட்சி மாவட்ட நீதிபதி ராபர்ட் ஹிங்கிள், சட்டமன்றத்தின் சட்டத்தை எடைபோட்ட தீர்ப்பில் அதைத்தான் பிடித்துக்கொண்டார். அபராதமும் இழப்பீடும் தண்டனைதான், வரியல்ல. ஆனால் ஒவ்வொரு கடுங்குற்ற வழக்கிலும் எல்லோரிடமும் ஒரே தொகையாக வசூலிக்கப்படும் நீதிமன்றக் கட்டணங்கள் வேறு. குற்றத்தின் கனத்துக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. அரசின் செலவுக்குப் பணம் திரட்டவே விதிக்கப்படுகின்றன. அதற்குப் பெயர் வரி. இதன் பின்னணி தெரிந்தால் தீர்ப்பு இன்னும் நன்றாகப் புரியும். 1998-ல் வாக்காளர்கள் ஏற்ற ஒரு மாநிலச் சாசனத் திருத்தத்தின்படி, ஃபுளோரிடாவில் நீதிமன்றக் கிளார்க் அலுவலகங்கள் பெருமளவு தாங்கள் வசூலிக்கும் கட்டணத்திலேயே நடக்க வேண்டும். ஒரு கடுங்குற்ற வழக்குக்கு 225 டாலர் என்றால் அதில் 200 கிளார்க் அலுவலகத்துக்கு. வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவருக்கு அரசு இலவசமாக வழக்கறிஞர் தரும். அதற்கு விண்ணப்பிக்க 50 டாலர், பிறகு குறைந்தது 100 டாலர். இலவசத்துக்கு இவ்வளவு. கட்டத் தவறினால் கடன் வசூல் நிறுவனத்துக்குப் போகும்; அது தன் பங்காக 40 சதவீதம் வரை ஏற்றிக்கொள்ளலாம்.

153 பேர்

இவ்வளவும் படித்தபின்கூட அண்ணனின் கேள்வி அப்படியேதான் நின்றது. வரி என்றால் என்ன, தண்டனை என்றால் என்ன என்பது வக்கீல்களின் சண்டை. கட்ட வேண்டியதைக் கட்டிவிட்டு வா என்பதில் அநியாயம் எங்கே?

எங்கள் வீட்டு ஏசியைப் பழுதுபார்க்க வருகிறவர் ஒருவர் இருக்கிறார். ஃபுளோரிடாவில் ஏசி மெக்கானிக் குடும்ப வைத்தியர் மாதிரி. ஆகஸ்ட்டில் அவர் போனை எடுக்கவில்லையென்றால் கை நடுங்கும். இருபதுகளின் தொடக்கத்தில் போதைப்பொருள் வைத்திருந்த வழக்கு ஒன்றும், வேறொரு கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) திருட்டுப் பொருள் வாங்கிய வழக்கு ஒன்றும் அவருக்கு உண்டு. எல்லாம் பழைய கதை. அவரே ஒரு நாள், என் காரில் ஒட்டியிருந்த ‘நான் வாக்களித்தேன்’ ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டுச் சொன்னது. பணம் கட்ட அவருக்கு மறுப்பில்லை. தொழில் நன்றாக நடக்கிறது. எவ்வளவு என்று சொன்னால் காசோலை எழுதிவிடுவேன் என்றார். அந்த எவ்வளவுதான் அவருக்குக் கிடைக்கவில்லை. ஒரு கவுண்டி அலுவலகத்தில் இணையத்தில் ஒரு தொகை, தொலைபேசியில் இன்னொரு தொகை. மற்றதில் அவ்வளவு பழைய கோப்பு கிடங்கில் இருக்கிறது, எழுத்தில் விண்ணப்பியுங்கள் என்றார்கள். விண்ணப்பித்தார். வந்த நகலில் தீர்ப்பில் விதித்த தொகை இருந்தது. அவர் மாதாமாதம் நன்னடத்தை அதிகாரியிடம் கட்டிய பணம் அதில் பதிவாகியிருக்கவில்லை. அந்த ரசீதுகளை ஒரு சூறாவளி கொண்டுபோய்விட்டது. வசூல் நிறுவனத்துக்குப் போன பங்கு எவ்வளவு, அவர்கள் ஏற்றியது எவ்வளவு என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை. அந்த அலுவலகத்தில் இருந்த பெண் நல்ல மாதிரியாகத்தான் பேசினாராம். உங்களுக்குப் பாக்கி இல்லை என்று எழுதிக் கொடுங்கள் என்று கேட்டதற்கு, அதை எழுதித் தரும் அதிகாரம் எனக்கு இல்லை என்றாராம்.

ஒரு ஆளின் துரதிர்ஷ்டம் என்று இதைத் தள்ளிவிட்டிருக்கலாம். ஹிங்கிளின் தீர்ப்பில் 153 பேரைப் பற்றிய பகுதியை அதன் பிறகுதான் படித்தேன். இந்தத் துறையில் தேர்ந்த ஒரு பேராசிரியர், முனைவர் பட்ட மாணவர்கள் குழு ஒன்றை வைத்துக்கொண்டு, தற்செயலாகத் தேர்ந்தெடுத்த 153 முன்னாள் குற்றவாளிகளுக்கு எவ்வளவு பாக்கி என்று கண்டுபிடிக்க முயன்றார். நாள்கணக்கில் தேடினார்கள், தொலைபேசினார்கள். முடிவில், முரண்பாடு இல்லாத தகவல் கிடைத்தது 3 பேருக்கு மட்டும். அரசின் நிலையும் இதைவிட மேலாக இல்லை. முன்னாள் குற்றவாளிகளின் பதிவு விண்ணப்பங்கள் 85 ஆயிரம் தேங்கிக் கிடந்தன. அரசே சொன்ன வேகத்தில், நாளொன்றுக்கு 57 வீதம் பார்த்தால், முடிக்க 2026 ஆகும் என்று நீதிபதி கணக்குப் போட்டுக் காட்டினார். 67 கவுண்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு கிளார்க், தனித்தனிப் பதிவுகள். பிற மாநிலத் தண்டனையோ கூட்டாட்சி நீதிமன்றத் தண்டனையோ இருந்தால் அது இன்னொரு உலகம்.

என் மனதில் இருந்த முடிச்சு அந்தப் பக்கத்தில்தான் அவிழ்ந்தது. கடனைக் கட்ட வேண்டுமா என்ற கேள்வியை வைத்துக்கொண்டு அண்ணனும் நானும் வீணாக மோதிக்கொண்டிருந்தோம். கட்ட வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். கணக்கைத் தெரிந்து வைத்திருக்க வேண்டியது யார்? கடன் கொடுத்தவனா, வாங்கியவனா? அரசு தண்டனை விதிக்கிறது, அரசு வசூலிக்கிறது, அரசின் அலுவலகம் அந்தப் பணத்தில் சம்பளம் வாங்குகிறது. மிச்சம் எவ்வளவு என்பதை மட்டும் குற்றவாளி தன் நினைவிலிருந்து எடுத்துச் சொல்ல வேண்டும். தெரிந்தே தவறாகச் சொன்னார் என்று முடிவானால் அது புதிய குற்றம். அண்ணனிடம் 153-ஐச் சொன்னேன். தணிக்கையாளராயிற்றே, அரசியல் பேசாமல் எண்ணை மட்டும் பார்த்தார். “ஒரு கம்பெனி இப்படி வரவு வைக்காமல் கடன் நோட்டை நீட்டினால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்” என்றார். ஆனால் அடுத்த மூச்சிலேயே, “அதற்காகச் சட்டம் தவறு என்று ஆகாது, தம்பி. கணக்கைச் சரிசெய்யச் சொல்லலாம்” என்றும் சொன்னார். கணக்கைச் சரிசெய்யும்வரை வாக்கை யார் வைத்திருப்பது என்று கேட்டேன். காப்பி ஆறுகிறது என்றார்.

தீர்ப்பும் கைதுகளும்

ஹிங்கிள் ஒரு வழி சொல்லியிருந்தார். பாக்கி எவ்வளவு என்று மாநிலத்திடம் எழுத்தில் கேட்கலாம். 21 நாளுக்குள் பதில் வராவிட்டால் பதிவு செய்து வாக்களிக்கலாம். அந்த ஏற்பாடு சில வாரம்தான் உயிரோடிருந்தது. ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை நிறுத்திவைத்தது. உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. செப்டம்பர் 11-ல் பதினோராவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 6-க்கு 4 என்ற கணக்கில் ஹிங்கிளின் தீர்ப்பைப் புரட்டியது. கட்டணங்களும் தண்டனையின் பகுதிதான், வரியல்ல. சட்டத்துக்கு உட்படத் தேவையான விவரத்தை ஒவ்வொருவருக்கும் தேடிக் கொடுக்க அரசு கடமைப்பட்டதல்ல என்று தலைமை நீதிபதி வில்லியம் பிரையர் எழுதினார். அந்த இலையுதிர்காலத்தில் கோடீஸ்வரர் மைக்கேல் புளூம்பெர்க் உள்ளிட்டோர் திரட்டிய சுமார் 1.6 கோடி டாலர், முன்னாள் கைதிகளின் பாக்கியைக் கட்ட வந்து சேர்ந்தது. கட்டினால்தான் வாக்கு என்று சொன்ன அதே மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரி, இவர்கள் ஏன் கட்டுகிறார்கள் என்று விசாரிக்கும்படி எஃப்பிஐக்குக் கடிதம் எழுதினார்.

2022 ஆகஸ்ட்டில் டிசாண்டிஸ், புதிதாக அமைத்த தேர்தல் குற்றப் பிரிவின் முதல் அறுவடை என்று 20 பேரின் கைதை அறிவித்தார். கொலை அல்லது பாலியல் குற்றத் தண்டனை பெற்றவர்கள். நான்காம் திருத்தம் அவர்களுக்குப் பொருந்தாது. ஆனாலும் 2020-ல் வாக்களித்துவிட்டார்கள். சட்டப்படி சரிதான். ஆனால் அவர்களில் பலருக்கு மாநிலமே விண்ணப்பத்தைச் சரிபார்த்து வாக்காளர் அட்டை அனுப்பியிருந்தது. போலீஸ்காரர்களின் சட்டைக் கேமராப் பதிவுகள் பிறகு வெளிவந்தன. கைவிலங்கு மாட்டப்படும் மனிதர், அட்டை கொடுத்தார்களே என்று குழம்பி நிற்கிறார். மாட்டுகிற போலீஸ்காரருக்கும் தர்மசங்கடமாக இருக்கிறது. மாநில அளவிலான அரசு வழக்கறிஞருக்கு இந்த வழக்குகளை நடத்த அதிகாரம் இல்லை என்று சில நீதிபதிகள் தள்ளுபடி செய்ததும், 2023 பிப்ரவரியில் சட்டமன்றம் கூடி அந்த அதிகாரத்தைக் கொடுத்தது. அதே ஆண்டு இன்னொரு சட்டம், வாக்காளர் அட்டையிலேயே ஒரு வரி அச்சிட வைத்தது: இது தகவலுக்கு மட்டும், பதிவுக்கு இது சான்று, வாக்களிக்கத் தகுதி உண்டு என்பதற்குச் சட்டப்படியான உறுதி அல்ல. எனக்கு வந்த அட்டையிலும் அந்த வரி இருக்கிறது. குற்றப் பதிவு எதுவும் இல்லாத எனக்கே அதைப் படித்தபோது ஒரு கணம் முதுகு நிமிர்ந்தது. ஏசிக்காரருக்கு அதைப் படித்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை. கைதுச் செய்தி வந்த வாரமே அவர் முடிவெடுத்துவிட்டார். வாக்காளர் பதிவுப் படிவத்தில் பொய் உறுதிமொழி கொடுத்தால் ஐந்தாண்டு வரை சிறை. பேரப்பிள்ளை பிறந்திருக்கிறது, எனக்கு எதற்கு இந்த வம்பு என்றார். பாக்கி ஒரு டாலர்கூட இல்லாமலும் இருக்கலாம். அப்படியிருந்தால் அவருக்குச் சாசனம் வாக்குரிமை கொடுத்து ஆண்டுகள் ஆகின்றன.

இனி இன்னொரு திருத்தம் கொண்டுவந்து இதைச் சரிசெய்யலாமே என்று கேட்கலாம். நான்காம் திருத்தம் 2018 வாக்குச்சீட்டில் ஏறத் தேவைப்பட்டது 7 லட்சத்து 66 ஆயிரத்து 200 கையெழுத்துகள். தெருத்தெருவாக, கடை வாசல்களில் நின்று வாங்கியவை. 2025 மே மாதம் டிசாண்டிஸ் கையெழுத்திட்ட சட்டம் ஒன்று, அந்தக் கையெழுத்துகளை யார் சேகரிக்கலாம் என்பதைச் சுருக்கியது. அதை எதிர்த்து வழக்குகள் போடப்பட்டன. குடியுரிமை இல்லாதவர்கள் கூடாது, வெளிமாநிலத்தவர் கூடாது. கடுங்குற்றத் தண்டனை பெற்று, வாக்குரிமை இன்னும் திரும்பாதவர்களும் கூடாது. இந்தச் சட்டம் அன்றே இருந்திருந்தால், நான்காம் திருத்தத்துக்காகத் தெருத்தெருவாகக் கையெழுத்துச் சேகரிக்கும் உரிமை டெஸ்மண்ட் மீடுக்கே இருந்திருக்காது.